மண்ணில் கால்சியம் போதுமான அளவு இருந்தும் காயில் ஏன் இல்லை?

தக்காளி பயிரிடும் ஒருவர் கேட்ட கேள்வி இதுதான். மண் பரிசோதனை அறிக்கையில் கால்சியம் "அதிகம்" என்று வந்திருக்கிறது. ஆனாலும் தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல் போலக் காய்ந்து, பிறகு அழுகுகிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் இது நுனி அழுகல், கால்சியம் பற்றாக்குறையால் வருவது என்கிறார்கள். அப்படியானால் சுண்ணாம்பு இடுவதா, ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) இடுவதா, கால்சியம் நைட்ரேட் தெளிப்பதா, முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதா?

அறிக்கையும் சரி, பார்த்தவர்கள் சொன்னதும் சரி. இரண்டும் ஒரே வயலில், ஒரே நாளில் உண்மையாக இருக்கலாம். தழைச்சத்து (நைட்ரஜன்) போன்றவற்றில் மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். கால்சியத்தில் அந்தக் கேள்வி அவ்வளவாக உதவாது. அது எங்கே இருக்கிறது, வளர்கிற இடத்துக்கு எந்த வழியாகப் போகிறது என்று கேட்க வேண்டும். உரம் விற்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, ஏனென்றால் இதற்கான விடை பெரும்பாலும் மூட்டையில் வருவதில்லை.

முதலில் செடிக்குள் கால்சியத்துக்கு என்ன வேலை என்று பார்ப்போம். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே பெக்டின் என்ற பொருள் இருக்கிறது. கால்சியம் அயனிக்கு இரண்டு நேர்மின்னூட்டங்கள் இருப்பதால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெக்டின் சங்கிலிகளை அது ஒன்றாகப் பிணைத்துவிடுகிறது. செல்கள் பிரியாமல் நிற்பதும் திசு உறுதியாக இருப்பதும் பெருமளவு இந்தப் பிணைப்பால்தான். செல்லைச் சுற்றியிருக்கும் மென்சவ்வு கசியாமல் இருக்கவும் வெளிப்புறத்தில் கால்சியம் வேண்டும். அது போதாத இடத்தில் சவ்வு கசியும், செல் சாறு வெளியே வரும், திசு நீர் கோத்ததுபோல் ஆகிப் பிறகு கறுத்துச் சாகும். தக்காளியில் கண்ணில் படுவது இந்தக் கடைசிக் கட்டம்தான்.

செல்லின் உள்ளே நிலைமை நேர் எதிர். செல் திரவத்தில் மிதக்கும் கால்சியம், செல்லுக்கு வெளியே இருப்பதைப்போல் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். செல் தன் ஆற்றலைச் செலவழித்து அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. காரணம் எளிது: செல்லின் வேலைகள் அனைத்தும் பாஸ்பேட்டைக் கொண்டு நடக்கின்றன, கால்சியம் அங்கே கூடினால் பாஸ்பேட்டுடன் சேர்ந்து படிந்துவிடும். இந்தக் கட்டுப்பாட்டைச் செடி வேறொரு காரியத்துக்கும் பயன்படுத்திக்கொள்கிறது. குளிர், வறட்சி, தொடுதல், நோய்க்கிருமி என எது வந்தாலும் செல்லுக்குள் கால்சியம் ஒரு கணம் உயர்ந்து தாழும்; கால்மாடுலின் போன்ற புரதங்கள் அதை உணர்ந்து அடுத்த வேலையைத் தொடங்கிவைக்கும். தேவைக்கு மேல் வருகிற கால்சியம் செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற சேமிப்புப் பையில் ஒதுக்கப்படுகிறது; பல செடிகளில் அது கால்சியம் ஆக்சலேட் படிகமாகவே உறைந்துபோகிறது.

செல்லுக்குள் கால்சியத்தை நுழையவிடாத இந்த ஏற்பாடுதான் தக்காளிக் காயின் பிரச்சினைக்கு வேர். செடிக்குள் பொருள்கள் போக இரண்டு பாதைகள் உண்டு. வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோகும் சைலம், செத்த செல்களால் ஆன குழாய். அதில் கால்சியம் தடையின்றி நீரோடு போகும். இலையில் தயாரான சர்க்கரையைக் காய்க்கும் வேருக்கும் கொண்டுபோகும் புளோயம், உயிருள்ள செல்களால் ஆனது. அதன் சாற்றில் பாஸ்பேட் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. ஆகவே சைலம் வழியாக ஓர் இலைக்குள் போன கால்சியம் அங்கேயே தங்கிவிடுகிறது. தழைச்சத்தோ சாம்பல் சத்தோ (பொட்டாஷ்) குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துச் சமாளிக்கும். அதனால்தான் அவற்றின் பற்றாக்குறை முதலில் முதிர்ந்த இலையில் தெரிகிறது. கால்சியத்தில் அந்த வசதி இல்லை. அடியிலையில் உலர் எடையில் 3 சதவீதம் கால்சியம் குவிந்திருக்கும்போதே நுனிக் குருத்து அது இல்லாமல் கருகலாம். முதிர்ந்த இலையைப் பறித்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, கால்சியம் நன்றாகவே இருக்கிறது என்று நிம்மதி அடைவதில் பொருளில்லை.

சைலத்தின் நீரோட்டத்தை நடத்துவது நீராவிப்போக்கு. அதிகம் ஆவியாக்கும் உறுப்புக்கு அதிக நீர் போகும், அந்த நீரோடு கால்சியமும் போகும். தக்காளியின் இலை நாள் முழுக்க நீரை ஆவியாக்குகிறது. காயின் தோலில் இலைத்துளை ஒன்றுகூடக் கிடையாது. மேலே மெழுகுப் பூச்சு வேறு. காய்க்கு வருகிற நீரிலும் சர்க்கரையிலும் பெரும்பகுதி புளோயம் வழியாக வருகிறது, அதாவது கால்சியம் இல்லாமல் வருகிறது. தக்காளி இலையில் உலர் எடையில் 2 முதல் 4 சதவீதம் கால்சியம் இருக்கும்போது காயில் 0.1 முதல் 0.2 சதவீதம் இருப்பதற்கு இதுதான் காரணம். அந்தக் கொஞ்சமும் காம்புப் பக்கத்தில் இறங்கிவிட, பூ உதிர்ந்த முனைக்கு மிச்சம்தான் போகிறது.

நுனி அழுகல் எப்போதும் அந்த முனையிலேயே தொடங்குவதும் இதனால்தான். காய் நெல்லிக்காய் அளவில் இருக்கும்போது பூத்தழும்பைச் சுற்றிப் பாருங்கள். முதலில் நீர் கோத்ததுபோல் ஒரு சிறு வட்டம் தெரியும். அது பழுப்பாகிக் கறுத்து, தட்டையாகி, லேசாக உள்ளே குழிந்து தோல் போல இறுகும். சில காய்களில் வெளியே ஒன்றும் தெரியாது. வெட்டினால் விதைகளைச் சுற்றியுள்ள சதை மட்டும் கறுத்திருக்கும். காம்புப் பக்கம் தொடங்கும் அழுகல் இதுவல்ல, அது பூஞ்சையின் வேலை. நுனி அழுகலிலும் பின்னால் பூஞ்சை வந்து குடியேறும், ஆனால் அது விருந்தாளி மட்டுமே. அதற்கென்று பூஞ்சைக்கொல்லி தெளிப்பது வீண்செலவு.

கால அளவும் முக்கியம். காய் பிடித்த பிறகு வரும் இரண்டு வாரங்களில்தான் அது மிக வேகமாகப் பருக்கிறது, அப்போதுதான் கால்சியம் மட்டுப்படுகிறது. கறுப்பு கண்ணில் படும் நாளில் அந்தக் காயின் கதை முடிந்துவிட்டது. எதைத் தெளித்தாலும் அது தேறாது. வழக்கமாக முதல் கொத்தில் இது அதிகம் வரும், வேர் பரவியதும் அடுத்த கொத்துகள் தாமாகவே நன்றாக வரும். இடைப்பட்ட வாரத்தில் எதைத் தெளித்திருந்தாலும் அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். கால்சியம் திரவங்கள் பலவற்றின் புகழ் இப்படிச் சேர்ந்ததுதான் என்பது என் கணிப்பு.

அப்படியானால் காய்க்குக் கால்சியம் போகாமல் தடுப்பது எது? முதல் குற்றவாளி நீர். மண் காய்ந்தால் வேருக்கு நீர் வருவது குறையும். வந்த நீரையும் வெப்பக் காற்றில் நிற்கும் இலைகள் இழுத்துக்கொள்ளும். நன்றாகக் காயவிட்டு, பிறகு ஒரேயடியாகத் தேக்கிப் பாய்ச்சினால் இன்னும் மோசம், காய் திடீரென்று பருக்கும், கால்சியம் கூட வராது. தேங்கிய நீரும் இதே பலனைத் தரும், ஏனென்றால் காற்றில்லாத மண்ணில் வேர் வேலை செய்யாது. வேரிலும் எல்லா இடமும் கால்சியத்தை உள்ளே விடுவதில்லை. நுனிக்குச் சற்றுப் பின்னால், உள்தோலில் மெழுகுத் தடை முழுதாக உருவாகாத இளம் பகுதியே பெரும்பாலும் நுழைவாயில். களை எடுக்கும்போது வேரை வெட்டினாலோ, வேரழுகல் வந்து இளம் வேர்கள் செத்தாலோ நுழைவாயிலே அடைபடுகிறது. செடி வாடாமல் நிற்கலாம், கால்சியம் மட்டும் குறைந்திருக்கும்.

இரண்டாவது, மற்ற நேர் அயனிகள். அம்மோனியம் வடிவத் தழைச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம், பாசன நீரின் சோடியம் ஆகிய எல்லாம் வேரில் கால்சியத்தோடு போட்டியிடுகின்றன. அம்மோனியம் இதில் மிகவும் தொல்லை தரும்; யூரியாவும் மண்ணில் முதலில் அம்மோனியமாகவே மாறுகிறது. காய் பிடிக்கும் நேரத்தில் "காய் நன்றாகப் பருக்கட்டும்" என்று பொட்டாஷையும் யூரியாவையும் கூட்டிப் போடுவது, நுனி அழுகலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். தழை மிகுந்த செடியில் இலைப்பரப்பும் அதிகம். வருகிற நீரில் பெரும்பங்கு இலைக்கே போய்விடும். இன்னொன்று ரகம். நீளவாக்கில் காய்க்கும் ரகங்களில் பூமுனை தொலைவில் இருப்பதால் இது அதிகம் வரும், சிறிய உருண்டைத் தக்காளியில் அபூர்வம்.

இரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலைகள் ஆவியாக்காத இரவில், வேரழுத்தம் நீரை மேலே தள்ளும். அந்த நேரத்தில் காய்க்கும் உள்குருத்துக்கும் பங்கு கிடைக்கும். மாலையில் மண் ஈரமாகவும் உப்புக் குறைவாகவும் இருந்தால் இந்த இரவுப் படி ஒழுங்காகக் கிடைக்கிறது. முட்டைக்கோஸிலும் லெட்யூஸிலும் உள்ளிலைகளின் விளிம்பு கருகுவதும் இதே கணக்குத்தான். மூடிய உருண்டைக்குள் இருக்கும் இளம் இலைக்குக் காற்றே படாது, அது எதை ஆவியாக்கும்? பசுமைக் குடில்களில் லெட்யூஸ் வளர்ப்பவர்கள் செடியின் நடுக்குருத்தின் மேல் நேராகக் காற்று படும்படி மின்விசிறி வைத்தே இந்தக் கருகலைக் குறைக்கிறார்கள். ஒரு சிட்டிகை கால்சியம்கூடச் சேர்க்காமல் கால்சியம் பற்றாக்குறை தீர்கிறது.

தெளிப்பு அறவே பயனற்றது என்று சொல்லவில்லை. இலையில் படும் கால்சியம் இலையைவிட்டு நகராது, ஆகவே இலையில் தெளித்துக் காயைக் காப்பாற்ற முடியாது, அவ்வளவுதான். காயின் மேலேயே பட்டால் கொஞ்சம் உள்ளே போகும். ஆப்பிளில் தோலுக்கடியில் கசப்பான பழுப்புப் புள்ளிகள் விழும் குறைக்கு, பருவம் முழுக்கப் பல முறை கால்சியம் குளோரைடைக் காய்கள் நனையத் தெளிப்பது பல நாடுகளில் நிலைபெற்ற வழக்கம். அங்கே காய் மாதக்கணக்கில் மரத்தில் தொங்குகிறது, பல தெளிப்புகளுக்கு நேரம் இருக்கிறது. தக்காளியில் அவகாசம் இரண்டே வாரம், தோலும் உறிஞ்சாது.

கால்சியம் எந்த இடத்தில் தேவையோ அந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதை நிலக்கடலையைவிடத் தெளிவாகக் காட்டும் பயிர் வேறில்லை. பூ மண்ணுக்கு மேலே பூக்கிறது. கருவுற்றதும் அதன் அடியிலிருந்து விழுது நீண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. காற்றில் இருக்கும்வரை விழுது நீரை ஆவியாக்கும், சைலத்தில் கால்சியம் வரும். மண்ணுக்குள் போனதும் ஆவியாவது நின்றுவிடுகிறது. மேலேயிருந்து வருவது புளோயம் சாறு மட்டும். அப்போதிருந்து, வளரும் காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் ஓட்டின் வழியாகச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே உறிஞ்ச வேண்டும். வேர்ப் பகுதியையும் காய்ப் பகுதியையும் தனித்தனியாகப் பிரித்து வைத்து 1940களில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. வேருக்கு எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் காய் இருக்கும் மண்ணில் அது இல்லாவிட்டால் பருப்புப் பிடிக்கவில்லை.

வயலில் இது பொக்காகத் தெரிகிறது. செடி பசுமையாக நிற்கும், பிடுங்கினால் காயும் நிறைய இருக்கும், உடைத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. அரைகுறையாக விளைந்த பருப்பை இரண்டாகப் பிளந்தால் முளைக்குருத்து கறுத்திருக்கும்; அதை விதைக்கு வைத்தால் முளைப்பு சரியாக இருக்காது. ஆகவேதான் பூக்கும் நேரத்தில், விழுது இறங்கும் முன், ஜிப்சத்தைச் செடியைச் சுற்றி மேலாகத் தூவி மண் அணைக்கச் சொல்கிறார்கள். அது மேல்மண்ணின் 5 முதல் 10 சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டும். உழவின்போது ஆழத்தில் புதைத்தால் வேருக்குப் போகும், காய்க்குப் போகாது. மண்ணில் ஈரம் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை, கரையாத ஜிப்சம் காய்க்குக் கல்தான். பருமனான பருப்பு கொண்ட ரகங்களுக்குத் தேவை கூடுதல், ஏனென்றால் பருமனோடு ஒப்பிட்டால் அவற்றின் ஓட்டுப் பரப்பு குறைவு. காய் இருக்கும் மண்ணில் பொட்டாஷ் மிகுந்தால் அங்கேயும் அதே போட்டி.

வேர் நுனிக்கும் விதி இதேதான். வேருக்கு உணவு புளோயம் வழியாக வருகிறது, அதில் கால்சியம் இல்லை. ஆகவே வேர் நுனி தான் நிற்கும் மண்ணிலேயே கால்சியத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மேல்மண்ணில் எவ்வளவு இருந்தாலும், அடிமண்ணில் கால்சியம் இல்லாமல் அலுமினியம் மிகுந்திருந்தால் வேர் அங்கே நுழையாது. மழை சில நாள் பொய்த்தாலே அந்தப் பயிர் வாடும், அடியில் ஈரம் இருந்தும். பிரேசிலின் செராடோ என்ற அமில மண் புல்வெளி நிலங்களில் இந்தச் சிக்கல் பெரிதாக இருந்தது. மேலே இட்ட சுண்ணாம்பு மிக மெதுவாகவே கீழே இறங்கும். ஜிப்சம் நீரில் கரைந்து அடிமண்வரை போய்க் கால்சியத்தைக் கொடுத்தது, அதன் சல்பேட் அலுமினியத்தின் நச்சையும் தணித்தது. வேர்கள் கீழே இறங்கின.

இனி மண்ணின் பக்கம். புவி மேலோட்டில் எடையில் சுமார் 3.6 சதவீதம் கால்சியம். ஆக்சிஜன், சிலிகான், அலுமினியம், இரும்புக்கு அடுத்த ஐந்தாவது இடம் அதற்கு. ஃபெல்ஸ்பார் வகைக் கனிமங்கள், சுண்ணாம்புக்கல், டோலமைட், ஜிப்சம், அபடைட் ஆகியவை சிதைந்து மண்ணுக்கு வருகிறது. களித்துகளும் மட்கும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. நடுநிலை மண்ணில் அவை பிடித்து வைத்திருக்கும் நேர் அயனிகளில் பெரும்பகுதி கால்சியமே. தானியப் பயிருக்குத் தேவை மிகவும் குறைவு. 5 டன் கோதுமை மணியோடு வயலைவிட்டு வெளியே போகும் கால்சியம் இரண்டு கிலோ அளவுதான். குதிரை மசால் போன்ற பயறுவகைத் தீவனம் 10 டன் அறுத்தால் 100 கிலோவுக்கு மேல் போகும். பாசன நீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்சியம் உள்ள நீரை ஒரு பருவத்தில் 500 மில்லிமீட்டர் பாய்ச்சினால், ஹெக்டேருக்கு 250 கிலோ கால்சியம் தானாக வந்து சேர்கிறது. உப்புச் சுவையில்லாத சாதாரணக் கிணற்று நீரிலேயே இந்த அளவு இருப்பதுண்டு. அதற்கு மேல் தெளிப்புப் புட்டியில் இருக்கும் சில கிராம் என்ன செய்துவிடும்?

உண்மையிலேயே மண்ணில் கால்சியம் குறைந்திருப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான்: மழை அரித்துச் சென்ற அமில நிலங்கள், பிடித்து வைக்கக் களியும் மட்கும் இல்லாத மணல் நிலங்கள். இங்கேதான் சுண்ணாம்புக்கும் ஜிப்சத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும், பெரும்பாலானவர்கள் குழப்பிக்கொள்வதும் இங்கேதான். அமிலத்தைக் குறைப்பது கால்சியம் அன்று, அதோடு வரும் கார்பனேட். சுண்ணாம்புக்கல் தூள் மண்ணில் கரையும்போது கார்பனேட் ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்துக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறிவிடுகிறது, மண்ணின் அமில-கார அளவான பி.எச். உயர்கிறது. ஜிப்சத்தில் இருப்பது சல்பேட். அது கால்சியத்தைக் கொடுக்கும், கந்தகத்தைக் கொடுக்கும், பி.எச்.ஐ உயர்த்தாது. அமில நிலத்துக்கு ஜிப்சம் இட்டுவிட்டுப் பி.எச். ஏறவில்லையே என்று காத்திருப்பதும், பி.எச். 8 இருக்கும் நிலத்தில் "கால்சியம் வேண்டும்" என்று சுண்ணாம்பைக் கொட்டுவதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்.

பி.எச். 5.5க்குக் கீழே போகும்போது பயிரை வதைப்பது பெரும்பாலும் கால்சியம் பற்றாக்குறைகூட அன்று. களியிலிருந்து வெளிப்படும் அலுமினியம் வேர் நுனியைக் குட்டையாக்கித் தடித்துப்போகச் செய்கிறது. சுண்ணாம்பு அந்த அலுமினியத்தைக் கரையாத வடிவத்துக்கு மாற்றுகிறது. எவ்வளவு இடுவது என்பதைப் பி.எச். எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மணல் நிலமும் களி நிலமும் ஒரே பி.எச். காட்டலாம், களி நிலத்துக்குப் பல மடங்கு சுண்ணாம்பு தேவைப்படும். அதனால் ஆய்வகத்தில் சுண்ணாம்புத் தேவையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தூளின் நயமும் கணக்கு: கால் மில்லிமீட்டருக்குக் குறைந்த தூள் அதே பருவத்தில் வேலை செய்யும், இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குருணை பல ஆண்டுகள் சும்மா கிடக்கும். சுண்ணாம்புக்கல்லின் அமிலமுறிப்புத் திறனை 100 என்று வைத்தால் நீற்றுச் சுண்ணாம்பு ஏறக்குறைய 135, சுட்ட சுண்ணாம்பு 178, டோலமைட் 108. மெக்னீசியமும் குறைந்த மண்ணுக்கு டோலமைட் நல்லது. அளவு மீறிப் போட்டால் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, போரான் நான்கும் பயிருக்கு எட்டாமல் போகும். தேயிலைக்கு அமில மண்தான் பிடிக்கும், உருளைக்கிழங்கில் பி.எச். உயர்ந்தால் சொறி நோய் கூடும். எல்லா நிலத்துக்கும் சுண்ணாம்பு நல்லது என்ற பேச்சு செல்லாது.

நிலத்தை அமிலமாக்குவதில் மழைக்கு அடுத்தபடி நம் கைதான். உரத்திலுள்ள அம்மோனியம், மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் வெளிப்படுகிறது. கரைந்து கீழே போகும் நைட்ரேட் துணைக்குக் கால்சியத்தையும் அழைத்துக்கொண்டு போகிறது. யூரியா வழியாக இடும் ஒவ்வொரு கிலோ தழைச்சத்துக்கும் ஏறக்குறைய 1.8 கிலோ சுண்ணாம்புக்கல் ஈடாகத் தேவைப்படலாம்; அம்மோனியம் சல்பேட் என்றால் 5 கிலோவுக்கு மேல். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856இல் தொடங்கிய பார்க் கிராஸ் புல்வெளிச் சோதனையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட் பெற்று, சுண்ணாம்பு பெறாத பாத்திகளில் பி.எச். 4க்கும் கீழே போய்விட்டது. அங்கே புல் அல்லாத சிறு செடிகள் மறைந்து, அமிலம் தாங்கும் ஓரிரு புல்வகைகளே எஞ்சின. மண்புழு இல்லாததால் காய்ந்த புல் மட்காமல் மெத்தைபோல் மேலே படிந்து கிடக்கிறது.

உரம் மாறியதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சூப்பர் பாஸ்பேட் மூட்டையில் பாதி ஜிப்சம்தான். மணிச்சத்துக்காக (பாஸ்பரஸ்) அதை இட்டவர் தெரியாமலே 20 சதவீதம் அளவுக்குக் கால்சியமும் 11 சதவீதம் கந்தகமும் இட்டார். அதற்குப் பதிலாக வந்த டி.ஏ.பி.யில் (டை அம்மோனியம் பாஸ்பேட்) இரண்டும் இல்லை. கரிசலிலும் சுண்ணாம்பு நிறைந்த மண்ணிலும் இந்த மாற்றத்தால் கால்சியத்துக்குக் குறைவில்லை. நிலக்கடலை விளையும் மணல்சாரிச் செம்மண்ணில் குறைவு வரும்.

களர் நிலம் தனிக்கதை. மண் பிடித்து வைத்திருக்கும் நேர் அயனிகளில் சோடியத்தின் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டினால் களித்துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக் கலைகின்றன. துளைகள் அடைபட்டு நீர் இறங்காது. கால்சியம் துகள்களைத் திரட்டிச் சேர்த்து வைக்கும். இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். காய்ந்த மண்கட்டி ஒன்றை, சுண்டைக்காய் அளவில், ஒரு கண்ணாடித் தம்ளர் மழைநீரில் மெல்லப் போட்டு அசைக்காமல் சில மணி நேரம் விடுங்கள். கட்டி உதிர்ந்து குவியலாகிச் சுற்றிலும் நீர் தெளிவாக இருந்தால் களர் இல்லை. கட்டியைச் சுற்றிப் பால்போல் ஒரு கலங்கல் பரவினால் களி கலைகிறது என்று பொருள். கிணற்று நீரில் செய்யாதீர்கள், அதிலுள்ள உப்புகளே கலங்கலைத் தடுத்துவிடும். அமெரிக்காவில் மண்ணியல் அறிஞர் ஹில்கார்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலிபோர்னியாவின் களர் நிலங்களுக்கு ஜிப்சத்தைப் பரிந்துரைத்தார். ஆனால் ஜிப்சம் சோடியத்தைக் களியிலிருந்து விடுவிக்க மட்டுமே செய்யும். விடுபட்ட சோடியத்தை நீர் அடித்துக்கொண்டு வெளியே போக வடிகால் வேண்டும். வடிகால் இல்லாத இடத்தில் எத்தனை டன் ஜிப்சம் இட்டாலும் உப்பு அதே வயலில்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

மண் பிடித்து வைத்திருக்கும் நேர் அயனிகளில் கால்சியம் 65 சதவீதம், மெக்னீசியம் 10, பொட்டாசியம் 5 இருக்க வேண்டும் என்ற "பொன்னான விகிதம்" ஒன்று சொல்லப்படுவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1940களில் நியூ ஜெர்சியில் பேர் என்பவரும் அவர் குழுவினரும் முன்வைத்தது அது. அமெரிக்க மண்ணியல் அறிஞர் வில்லியம் ஆல்பிரெக்ட் அதைப் பரப்பினார். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த விகிதத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு சத்தும் போதுமான அளவு இருக்கும்வரை விகிதம் பெரிதும் ஏறி இறங்கினாலும் விளைச்சல் மாறவில்லை. அந்த எண்ணை எட்டுவதற்காகச் சுண்ணாம்பு வாங்க வேண்டியதில்லை.

முட்டை ஓட்டுக்கு வருகிறேன். அது ஏறக்குறைய முழுக்கக் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லேதான். அமில மண்ணில், மாவுபோல் அரைத்துப் போட்டால், சுண்ணாம்பு செய்யும் வேலையைச் செய்யும். நடுநிலை மண்ணில் நொறுக்கிப் போட்ட ஓடு அடுத்த ஆண்டு களை எடுக்கும்போதும் அப்படியே அகப்படும். உங்கள் மண்ணில் கால்சியம் ஏற்கெனவே அதிகம் என்பதால் அதனால் பயன் இல்லை, கெடுதலும் இல்லை.

உங்கள் தக்காளிக்கு நான் செய்வது இவ்வளவுதான். சுண்ணாம்பும் ஜிப்சமும் இடமாட்டேன். மண்ணின் உப்புத்தன்மையையும் நீரின் உப்புத்தன்மையையும் முதலில் அளந்து பார்ப்பேன். பாசன இடைவெளியைக் குறைத்து, ஒரு தடவைக்கு விடும் நீரையும் குறைப்பேன், மூடாக்கு இடுவேன், செடியின் தூரருகில் மண்வெட்டி போகவிடமாட்டேன். பூக்கத் தொடங்கியதிலிருந்து முதல் இரண்டு கொத்துகள் பருக்கும்வரை யூரியாவை நிறுத்தி, தழைச்சத்தை நைட்ரேட் வடிவில் கொடுப்பேன். பொட்டாஷைப் பரிந்துரைத்த அளவுக்கு மேல் கூட்டமாட்டேன். கால்சியம் நைட்ரேட்டில் 15.5 சதவீதம் தழைச்சத்தும் 19 சதவீதம் கால்சியமும் உண்டு. உங்கள் நிலத்தில் அதன் முதல் நன்மை அதன் நைட்ரேட், கால்சியம் அன்று. கறுத்த காய்களைப் பறித்துவிடுங்கள், அவை வளர்ந்து பயனில்லை. சொட்டுநீரில் கால்சியம் நைட்ரேட் கொடுப்பதானால், மக்னீசியம் சல்பேட், அம்மோனியம் சல்பேட், மோனோ அம்மோனியம் பாஸ்பேட் எதனுடனும் ஒரே தொட்டியில் கரைக்காதீர்கள். சல்பேட்டுடன் சேர்ந்தால் ஜிப்சமாகவும் பாஸ்பேட்டுடன் சேர்ந்தால் கால்சியம் பாஸ்பேட்டாகவும் வெள்ளையாகப் படிந்து சொட்டுவான்களை அடைத்துவிடும். தனித்தொட்டி வையுங்கள், அல்லது வேறு நாளில் விடுங்கள்.